ஹெட்செட்டில் கேதார்நாத்: இரண்டு வருட அனுபவம்

மூட்டுவலியோடு இருக்கும் அம்மாவுக்காக வாங்கியது இந்த வி.ஆர். ஹெட்செட், அதாவது கண்ணை மூடித் தலையில் மாட்டிக்கொண்டால் அந்த இடத்திலேயே நிற்பதுபோல் காட்டும் கருவி. கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்குச் சுமார் 16 கிலோமீட்டர் ஏற்றம். கோவேறு கழுதைமேல் போக அம்மாவுக்கு மனம் வரவில்லை. "அதுவும் ஒரு ஜீவன்தானே" என்றார். ஹெலிகாப்டரில் போகலாமென்றால், 3,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

360 டிகிரி காணொளிகளில் மந்தாகினியின் இரைச்சலும் கோயிலுக்குப் பின்னால் எழும் பனிமலையும் அருமையாக இருக்கின்றன. 2013 வெள்ளத்தில் கோயிலைக் காத்ததாகச் சொல்லும் பீம்சிலாப் பாறையை அம்மா ஒவ்வொரு முறையும் தேடிப் பார்ப்பார். ஆனால் தலையைத் திருப்பலாமே தவிர ஓரடி நகர முடியாது, பிரதட்சிணத்துக்கு வழியில்லை. நந்தியோடு படம் நின்றுவிடும். கோயிலுக்குள் 2023 முதல் செல்போனுக்கே தடை. நியாயமான தடைதான், ஆனால் நமக்குக் கிடைப்பது மூலவரைக் காணாத யாத்திரை. அம்மாவுக்கு அதில் குறையில்லை. சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியிலிருந்தே கேதாரத்தைப் பாடவில்லையா, எனக்குத் திருவல்லிக்கேணி போதும் என்பார். கோயில் பனியில் மூடி, உற்சவர் உக்கிமட்டுக்கு இறங்கிவிடும் மார்கழியிலும் அவர் போய்வருகிறார்!

கருவியைச் செய்தவர்கள் கொண்டை போட்ட தலையையே பார்த்ததில்லை போலும். பின்பட்டை கொண்டைமேல் ஏறி நிற்கும். தளர்த்தினால் அரைக் கிலோ எடையும் மூக்கில் இறங்கும். இப்போதெல்லாம் பின்னிக்கொண்டுதான் உட்காருகிறார். விபூதி நெற்றிப் பஞ்சில் ஒட்டி லென்ஸில் உதிர்கிறது. சென்னை வியர்வையில் பஞ்சு உரிந்து, புதிதாக மாற்றியாகிவிட்டது. கால் மணி நேரம் தாண்டினால் தலைசுற்றல்.

இதைச் சுற்றுச்சூழலுக்கு உகந்த மாற்று என்கிறார்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2023-இல் மட்டும் கேதார்நாத்துக்கு 19 லட்சம் பேருக்கு மேல் போனார்கள். அம்மா எப்படியும் போயிருக்கப் போவதில்லை. ஆகவே அவரால் மலைக்கு மிச்சமானது ஒன்றுமில்லை. போகக்கூடியவர்கள் என்ன செய்தார்கள்? என் தங்கை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். மறுவாரமே டேராடூனுக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் அது சுற்றுலா விளம்பரமாகத்தான் வேலை செய்தது. மலையின் பாரம் குறைய வேண்டுமென்றால் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று கறாராக வரம்பு கட்ட வேண்டும்.

நடக்க முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் என்றால், கண்ணாடியோடு மாட்டிப் பார்த்தபிறகு பணம் கொடுங்கள்.