மேனேஜரைத் தூக்கியாச்சு: மிச்ச சீசனுக்கு உள்ளாளா, வெளியாளா?

ஒரு கால்பந்து கிளப்புக்கு நாலு தோல்வி, ஒரு டிரா, அதோடு மேனேஜருக்கு டாட்டா. அடுத்த அரைமணி நேரத்தில் நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்களில் ஜிடான், சாபி அலொன்சோ என்று பெயர்கள் பறக்க ஆரம்பிக்கும். யார் என்பதற்கு முன்னால் எப்போது என்று ஒரு கேள்வி இருக்கிறது. நிரந்தர ஆளை இப்பவே வெளியிலிருந்து கொண்டுவருவதா? இல்லை, உள்ளேயே இருக்கிற உதவி கோச் ஒருவரை சீசன் முடியும் மே மாதம் வரை உட்கார வைத்துவிட்டு, கோடையில் நிதானமாக ஆளெடுப்பதா? நான் இரண்டாவது கட்சி. அதை மறைக்கப் போவதில்லை.

‘தூக்கியிருக்கவே கூடாது’ என்று மூன்றாவது கட்சியும் உண்டு. இரண்டு முறை எட்டாம் இடத்தில் முடித்த மேனேஜர் ஆர்டேட்டாவை ஆர்சனல் வைத்துக்கொண்டது. பின்னால் தொடர்ந்து மூன்று சீசன் இரண்டாம் இடம் வந்தது. டாட்டன்ஹாம் தன் மேனேஜர் போஸ்டெகோக்லுவைச் சீசன் கடைசி வரை விட்டுவைத்து, 2025இல் யூரோப்பா லீக் கோப்பையை வாங்கிக்கொண்டு, லீக்கில் 17ஆம் இடம் வந்ததற்காக ஜூனில் அனுப்பியது. நல்ல வாதம்தான். ஆனால் ஆளைத் தூக்கிய மறுநாள் அதைப் பேசி என்ன பிரயோஜனம்?

‘புது ஆள் வந்ததும் டீம் எழுந்துக்கும்’ என்பதையும் சீக்கிரம் முடித்துவிடலாம். கிளப்கள் மேனேஜரைத் தூக்குவது சரிவின் அடிமட்டத்தில். போஸ்ட்டில் பட்டுத் திரும்பின பந்தெல்லாம் அதற்கப்புறம் எப்படியும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். உள்ளாளுக்கும் அது கிடைக்கும், வெளியாளுக்கும் கிடைக்கும். 2024 அக்டோபர் 28 அன்று மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜர் டென் ஹாகை அனுப்பியது. உதவியாளராக இருந்த வான் நிஸ்டல்ராய் நாலு ஆட்டம் பார்த்துக்கொண்டார், மூன்று வெற்றி, ஒரு டிரா. அந்த மூன்றில் இரண்டு அதே லெஸ்டர் மேல். அதைப் பார்த்து மயங்கியோ என்னவோ, லெஸ்டரே அவரை நிரந்தர மேனேஜராக எடுத்து, அந்த சீசனிலேயே கீழ் டிவிஷனுக்கு இறங்கியது.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது வேறு ஒன்று. இப்போது கையில் இருக்கிற ஆட்டக்காரர்கள் எந்த மாதிரி ஆட்டத்துக்காக வாங்கப்பட்டவர்கள்? நவம்பரில் வருகிறவருக்கு ஜனவரி வரை டிரான்ஸ்ஃபர் விண்டோ (ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் காலம்) கிடையாது, சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமும் கிடையாது. பயிற்சி நாளாவது உண்டா என்றால் அதுவும் சந்தேகம். வியாழக்கிழமை ஐரோப்பிய ஆட்டம், ஞாயிறு லீக் என்று போகிற அணியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி உடம்பைத் தேற்ற, சனி லேசான பயிற்சியும் செட் பீஸும் (கார்னர், ஃப்ரீ கிக்). திங்கள் மறுபடி ஓய்வு, புதன் பயணம். மிஞ்சுவது செவ்வாய் ஒன்றுதான். புது ஃபார்மேஷனில் பந்து பறிபோன நொடியில் பதினொரு பேரும் எங்கே நகரணும் என்பதை வாரத்துக்கு ஒரு செவ்வாயில் சொல்லிக்கொடுத்து முடியாது. உள்ளாள் பெரிய மேதையாக இருக்க வேண்டியதில்லை. அவர் பெரும்பாலும் பழைய அமைப்பையே வைத்து ஓட்டுவார், ஆட்டக்காரர்கள் தெரிந்த இடத்தில் ஆடுவார்கள்.

டென் ஹாகுக்குப் பதில் அந்த நவம்பரில் யுனைடெட்டுக்கு வந்த அமோரிம் கதை இதற்குப் பாடப்புத்தகம். முன்பு போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பில் அவர் ஆடவைத்தது மூன்று ஸ்டாப்பர் (நடு டிஃபெண்டர்), இரண்டு விங் பேக் (பக்கவாட்டில் ஏறி இறங்கி ஆடுகிறவர்) வைத்த 3-4-3. யுனைடெட்டில் இருந்தது டென் ஹாகின், நாலு டிஃபெண்டர் வைத்த 4-2-3-1க்காகச் சேர்த்த கூட்டம். இடது விங் பேக்குக்கு இயல்பான ஆள் இல்லை. லூக் ஷாவுக்கு ஓயாத காயம், அதனால் வலது பக்கத்து ஆளான டலோ இடப்பக்கம் ஓடினார். புரூனோ ஃபெர்னாண்டஸைப் பல ஆட்டங்களில் நடுவில் இரண்டு பேரில் ஒருவராகப் பின்னுக்கு இழுக்க வேண்டிவந்தது. கோல் பக்கத்தில் ஆபத்தானவர் வழக்கத்தைவிடக் கோலிலிருந்து ரொம்பத் தள்ளி நின்றார். பக்கக் கோட்டை ஒட்டி ஆடும் விங்கருக்கு அந்த அமைப்பில் இடமே கிடையாது. ஜனவரியில் ஆன்டனி பெடிஸுக்கும், அந்த விண்டோ கடைசியில் ராஷ்ஃபோர்ட் ஆஸ்டன் வில்லாவுக்கும் கடனாகப் போனார்கள். விங் பேக் டோர்கு லெச்சேயிலிருந்து வந்தபோது சீசனில் பாதிக்கு மேல் கழிந்திருந்தது. முடிவு 42 பாயின்ட், 15ஆம் இடம், யூரோப்பா ஃபைனலிலும் தோல்வி. சீசன் முடிந்து வருகிறேன் என்று தான் கேட்டதாகவும், இப்போ இல்லாவிட்டால் எப்பவும் இல்லை என்று கிளப் சொன்னதாகவும் அமோரிமே பிறகு சொன்னார்.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அதைவிட வேகமாகச் சறுக்கியது. மேனேஜர் நூனோவின் ஃபாரஸ்ட் பின்னால் இறங்கி நின்று, பந்து கிடைத்ததும் சட்டென்று பாயும் டீம். 2024-25இல் ஏழாம் இடம். 2025 செப்டம்பர் தொடக்கத்தில், விண்டோ மூடி ஒரு வாரம் கழித்து, அவரை அனுப்பிவிட்டு போஸ்டெகோக்லுவை எடுத்தார்கள். டிஃபென்ஸ் வரிசையை நடுக்கோடு வரை ஏற்றி ஆடுகிறவர் அவர். பெட்டிக்குள் நின்று ஹெட்டரில் பந்தை விரட்டும் ஸ்டாப்பர் மிலென்கோவிச்சுக்கு முதுகுப்பக்கம் அத்தனை காலி இடத்தைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? 39 நாள், எட்டு ஆட்டம், வெற்றி பூஜ்யம். அடுத்து ஷான் டைச்சைக் கூப்பிட்டார்கள். இறங்கி நின்று ஆடவைப்பதில் பேர்போனவர். ரவுண்டு அடித்துப் பழைய இடத்துக்கே வந்தார்கள்.

‘டுகல் என்ன பண்ணார்?’ என்று செல்சி ரசிகர்கள் கேட்பார்கள். 2021 ஜனவரி கடைசியில் லாம்பார்டுக்குப் பதில் வந்து, மூன்று ஸ்டாப்பருக்கு மாற்றி, மே மாதம் சாம்பியன்ஸ் லீக்கையே தூக்கினார். உண்மை. ஆனால் தியாகோ சில்வா, ரூடிகர், அஸ்பிலிக்குவேடா மூவரும் அங்கேயே இருந்தார்கள். இடது விங் பேக்குக்கு சில்வெல்லும் மார்கோஸ் அலொன்சோவும் இருந்தார்கள்; அந்த அலொன்சோ முந்தைய மேனேஜர் கான்டேயின் 3-4-3இல் லீக் ஜெயித்தவர். ஃபார்மேஷன் மாறியது, யாரும் தெரியாத இடத்தில் நிற்கவில்லை. அடுத்த முறை ஒரு பெயர் அடிபடும்போது தாளில் பதினொரு பேரை எழுதி, அவருடைய அமைப்பில் எத்தனை பேர் இடம் மாறணும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு பேர் என்றால் தாராளமாக எடுக்கலாம். நாலைத் தாண்டினால் மே வரை பொறுப்பதே மேல்.

நம்ம ஊருக்கு வந்தால் என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காணும். 2019-20 ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) சென்னையின் எஃப்சி முதல் நாலு ஆட்டத்தில் ஒரு கோல்கூடப் போடவில்லை. நவம்பர் கடைசியில் கோச் ஜான் கிரிகரி போனார், டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். வெளியாள்தான். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி, சாங்டே எல்லோரும் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்களை மேலே ஏறி ஆட விட்டார். நாலாம் இடம், பிளே-ஆஃப், கடைசியில் ஃபைனல். வால்ஸ்கிஸுக்கு 15 கோலோடு, அதிக கோல் போட்டவருக்கான தங்கக் காலணி. அதே சீசனில் எஃப்சி கோவா தன் கோச் லொபேராவை லீக் முடியச் சில ஆட்டங்கள் இருக்கும்போது அனுப்பிவிட்டு, உள்ளிருந்த கிளிஃபர்ட் மிராண்டாவிடம் கொடுத்தது. டேபிளில் முதலிடம் கைவிட்டுப் போகவில்லை. செமிஃபைனலில் இந்த இரண்டு டீம்தான் மோதின. நேரு ஸ்டேடியத்தில் 4-1, கோவாவின் ஃபடோர்டாவில் 2-4, மொத்தத்தில் 6-5 என்று வெளியாள் ஜெயித்தார். மிராண்டா 2023இல் ஒடிசாவில் மறுபடி இடைக்கால கோச்சாக உட்கார்ந்து சூப்பர் கப்பை வாங்கிக் கொடுத்தார் என்பதை நான் பதிலுக்குச் சொல்வேன். 2022 பிப்ரவரியில் கோச் பண்டோவிச்சுக்குப் பிறகு நம்ம சபீர் பாஷா பொறுப்பேற்றும் சென்னை எட்டாம் இடத்தில்தான் முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஐஎஸ்எல்லில் வார நடுவில் ஐரோப்பிய ஆட்டம் மாதிரி இடைஞ்சல் குறைவு, வருகிறவருக்குப் பயிற்சி நாள் அதிகம். உதாரணங்களும் கைவிரல் எண்ணிக்கைதான். அதனால் இங்கே நான் அவ்வளவு அடித்துப் பேசமாட்டேன்.

இடைக்கால ஆளை உட்கார வைக்கும் வழியில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: அவசரப்பட்டு நிரந்தரமாக்குவது. யுனைடெட்டில் இடைக்கால மேனேஜராக உட்கார்ந்த சோல்ஷேர் 19 ஆட்டத்தில் 14 ஜெயித்தார். 2019 மார்ச் 28 அன்று யுனைடெட் கையெழுத்து வாங்கியது. அதற்கப்புறம் அந்த சீசனில் மிச்சமிருந்த பத்தில் இரண்டுதான் வெற்றி. 2012இல் சாம்பியன்ஸ் லீக் வாங்கிக் கொடுத்த டி மத்தேயோவை செல்சி நிரந்தரமாக்கி, அதே நவம்பரில் அனுப்பியது. முதல் நாளே ‘மே 31 வரை’ என்று எழுதிவிட்டு, கோடையில் மற்றவர்களோடு அவரையும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவது ஒழுங்கு.

லைசென்ஸ் சிக்கலும் உண்டு. உதவி கோச்சிடம் புரோ லைசென்ஸ் (கோச்சுகளுக்கான மேல்மட்டச் சான்றிதழ்) இல்லாவிட்டால் ரொம்ப நாள் உட்கார வைக்க முடியாது, பிரீமியர் லீக்கில் பன்னிரண்டு வாரம்தான். பிரான்ஸில் ரீம்ஸ் கிளப் 2022இல் லைசென்ஸ் இல்லாத வில் ஸ்டில்லை உட்கார வைத்து ஆட்டத்துக்கு 25,000 யூரோ அபராதம் கட்டியது. அவர் லீக்கில் முதல் 17 ஆட்டம் தோற்கவே இல்லை. அமோரிமை விடுவிக்க யுனைடெட் ஸ்போர்ட்டிங்குக்குக் கொடுத்தது சுமார் 1.1 கோடி யூரோ. அந்தப் பணத்தில் இந்த அபராதத்தை 440 ஆட்டத்துக்குக் கட்டலாம்.