எலிசபெத் லைன்: வூலிச்சில் ஏறினால் தேம்ஸ் தலைக்கு மேலே

லண்டனில் பிள்ளைகளிடம் போய் நிற்கிற எங்கள் ஊர்ச் சனத்துக்காக எழுதுகிறேன். மகள் வீடு அபி வூட்டில். எலிசபெத் லைன் என்கிற ரயில் பாதையின் ஒரு முனை அங்கேதான். மூன்று மாதத்தில் எத்தனை தரம் ஏறினேன் என்று கணக்கில்லை.

வழுக்கையாற்றைத் தவிர வேறு ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டுக்காரன் நான். அதுவும் மாரியில்தான் ஓடும். ஐயா கிணறு வெட்டுகிறவர். சுண்ணக்கல்லை உடைத்து இறங்க இறங்க, ஒரு கட்டத்தில் பக்கக் கல்லில் தண்ணீர் கசியத் தொடங்கும். அதற்குப் பிறகு இறைத்து மாளாது. வூலிச் பக்கம் தேம்ஸ் ஆற்றுக்கு அடியால் இந்த ரயில் போகிறது என்று மருமகன் சொன்னதும் நான் கேட்டது ஒன்றுதான்: "தண்ணி எப்பிடித் தம்பி உள்ள வராம நிக்குது?"

அந்த இடத்தில் தேம்ஸுக்குக் கீழே இருப்பதும் வெள்ளைச் சுண்ணப் பாறைதானாம், எங்கள் கல்லை விட மெது. துளைக்கிற இயந்திரத்தின் முகத்தில் குழைசேற்றை அழுத்தத்தோடு நிரப்பி வைத்துக்கொண்டே முன்னேறுவார்கள். அந்த அழுத்தம்தான் தண்ணீரை மறித்துப் பிடிக்கும். பின்னாலேயே கொங்கிறீட் துண்டுகளை வளையம் வளையமாகப் பூட்டிக்கொண்டு வருவார்கள். ஐயா இருந்திருந்தால் இதைப் பற்றி ஒரு கிழமை கதைத்திருப்பார். இங்கே துளைத்த இரண்டு இயந்திரங்களுக்கும் சோபியா, மேரி என்று பெயர். தேம்ஸுக்குக் கீழே 1843 இல் திறந்த முதல் சுரங்கத்தைக் கட்டிய பொறியியலாளர்கள் புரூனெல் தகப்பன், மகன் இருவருடைய மனைவிமாரின் பெயர்கள் அவை.

இந்த லைனுக்குத் திட்டம் போட்ட கதைதான் முசுப்பாத்தி. 1974 இலேயே ஓர் அறிக்கையில் எழுதிவிட்டார்கள். நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோன சட்டமூலம் 1994 இல் தள்ளுபடி. சட்டமானது 2008 இல். 2018 டிசம்பரில் திறப்போம் என்றார்கள், திறந்தது 2022 மே 24. செலவு கிட்டத்தட்ட 19 பில்லியன் பவுண். எங்கள் ரயில் 1990 இல் நின்று, 2014 ஒக்டோபரில் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, இவர்கள் இன்னும் தோண்டிக்கொண்டு இருந்தார்கள்.

சரி, பயணம். அபி வூட்டுக்கு அடுத்த நிலையம் வூலிச். அங்கே மேடையோரம் கண்ணாடிச் சுவர், ரயில் வந்து நின்ற பிறகுதான் கதவு திறக்கும். ஒன்பது பெட்டி, நடுவில் கதவில்லை. பேரன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுகிறான். வங்கி அட்டையை ஏறும்போதும் இறங்கும்போதும் ஒற்ற வேண்டும். ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் இதே லைனில் போகலாம், ஆனால் அதற்குக் காசு கூட. எங்கள் யாழ்தேவி ரயில் மாதிரி நினைத்துவிட வேண்டாம், பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. என் வயதுக்காரர் வீட்டிலேயே போய்விட்டு வெளிக்கிடுவது நல்லது.

வூலிச்சை விட்டதும் ஆறு. இருட்டு, சக்கரச் சத்தம், அப்புறம் வெளிச்சம். அவ்வளவுதான். கண்ணாடிக்கு அங்கால் மீன் தெரியும் என்று நம்பி வந்த மனுசி, அடுத்த நிலையமான கஸ்டம் ஹவுஸில் இறங்கியதும் "எங்கையப்பா ஆறு?" என்று கேட்டார். அடுத்த ரயிலில் திரும்பினோம். பேரன் கைப்பேசியில் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு, "இப்ப, அம்மம்மா!" என்று கத்தினான். மனுசி நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.