ஜெய்சல்மேர் பாலைவன பேக்கேஜ்: தலைக்கு 2,200 என்பார்கள், 3,500 எடுத்து வையுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொடுத்த காசுக்கு மோசமில்லை. ஆனால் ஏஜென்ட் போனில் சொல்லும் தொகையை மட்டும் நம்பிக் கிளம்பினால் கையைக் கடிக்கும். நாங்கள் எடுத்தது ஜெய்சல்மேர் போகிறவர்களில் பெரும்பாலோர் எடுப்பதுதான். ஊருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் சம் மணல்மேடுகளில் ஒரு ராத்திரி டென்ட், ஒட்டகச் சவாரி, ஆட்டம் பாட்டு, ராத்திரிச் சாப்பாடு, காலை டிபன். தலைக்கு 2,200, நாலு பேருக்கு 8,800. பரவாயில்லையே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

போய்வர வண்டி இதில் சேராது, அதை நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். வழியில் குல்தாராவைக் காட்டி, கேம்ப்பில் இறக்கிவிட்டு, மறுநாள் காலை திரும்பக் கூட்டிவர டாக்ஸிக்கு 2,500 ஆனது. மணலில் ஜீப் சவாரி தனி, பேரம் பேசி 2,000. அப்புறம் ஒட்டகக்காரருக்கு, பாட்டுக்காரர்களுக்கு, டீக்கு, தண்ணீர் பாட்டிலுக்கு என்று சில்லறையாகக் கரைந்தது ஒரு 700. மொத்தம் 14,000, அதாவது தலைக்கு 3,500. இதில் ஜெய்சல்மேர் வரை வந்த ரயில் செலவோ ஊருக்குள் தங்கிய ரூம் வாடகையோ இல்லை.

ஒட்டகச் சவாரி பேக்கேஜில் இருக்கிறது என்று பெயர். சூரியன் மறைவதைப் பார்க்கும் மேடு வரை போய்த் திரும்புவதோடு சரி, பாதி வழியிலேயே "இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாமா" என்று ஆரம்பித்துவிடுவார்கள், அதற்குத் தனிக் காசு. ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும், நாம் அப்படியே முன்னால் சரிவோம். பின்னால் சாய்ந்து சேணத்தின் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், வயதானவர்களை ஏற்றும்போது இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஜீப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: பிள்ளைகள் கத்திக் கொண்டாடினார்கள், முதுகு வலி இருப்பவர்கள் கீழேயே நின்றுவிடலாம்.

என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் முழுசாகத் தேறிய காசு அந்த டாக்ஸி 2,500தான், ஏனென்றால் ஓட்டிவந்தவர் பக்கத்துக் கிராமத்துக்காரர், வழிகாட்டி வேலையும் அவரே பார்த்தார். குல்தாரா என்பது பாலிவால் பிராமணர்கள் ஒரு காலத்தில் விட்டுவிட்டுப் போன கிராமம், பேய் ஊர் என்று யூடியூபில் ஓட்டுகிறார்களே, அதேதான். இவர் பேய்க் கதையை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, வண்டியை ஓரங்கட்டி ஒரு நீளமான மண்கரையைக் காட்டினார். கடீன் என்றார். சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கம் கரை போட்டு, எப்போதோ பெய்கிற மழைத்தண்ணீரைத் தேக்கி, அது வற்றி மண் ஈரமாக இருக்கும்போது கோதுமையோ கொண்டைக்கடலையோ விதைப்பார்களாம். பாலிவால்கள் பெரிய அளவில் செய்த விவசாயம் இது, இன்றைக்கும் சில இடங்களில் நடக்கிறது. கேம்ப்பில் பரிமாறிய கேர் சாங்ரி என்ற ராஜஸ்தானி பதார்த்தத்தில் சாங்ரி என்பது வன்னி மரத்துக் காய். விருத்தாசலம் கோயிலில் தலவிருட்சமாக நிற்கிறதே, அதே வன்னி. அங்கே அதைக் காயவைத்துச் சேமித்து எண்ணெயும் மிளகாயுமாக வதக்கிச் சாப்பிடுகிறார்கள்.

கேம்ப் பெயர் வேண்டாம், அங்கே பாதிப் பேர் இப்படித்தான். மாங்கணியார் பாடகர்கள் பாடிய வரை அருமை, காளபேலியா ஆட்டமும் நன்றாக இருந்தது. அதை அரைமணி நேரத்தில் மூட்டைகட்டிவிட்டு ஸ்பீக்கரில் இந்திக் குத்துப்பாட்டைப் போட்டுவிட்டார்கள், பக்கத்து கேம்ப்பிலும் அதே, இரண்டும் கலந்து காது கிழிந்தது. சொன்னபடி சுடுதண்ணீர் குழாயில் வரவில்லை, காலையில் கேட்டுக் கேட்டு பக்கெட்டில் வாங்க வேண்டியிருந்தது. தால் பாட்டி சூர்மா (பருப்பு, சுட்ட கோதுமை உருண்டை, இனிப்பான கோதுமைப் பொடி) மட்டும் குறை சொல்ல முடியாது, நெய்யை அள்ளி ஊற்றினார்கள்.

அமைதியாக வானத்தைப் பார்த்துப் படுக்க வேண்டும் என்பவர்கள் சம்மை விட்டுவிட்டு தென்மேற்கே இருக்கும் கூரி கிராமத்தைப் பாருங்கள். மணல்மேடு சின்னதுதான், கூட்டமும் குறைவு, மண்குடிசையில் தங்கலாம், மணலில் கயிற்றுக் கட்டில் போட்டும் கொடுக்கிறார்கள்.

பதிவு செய்யுமுன் வாட்ஸ்அப்பிலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: வண்டி உண்டா, ஒட்டகம் எவ்வளவு நேரம், ஜீப் சேர்த்தியா, வரி சேர்த்தியா, குளிக்க சுடுதண்ணீர் எப்படி. பதில் சொல்ல இழுப்பவரை விட்டுவிடுங்கள். கோட்டைப் பக்கம் ரூமை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கும் சில விடுதிகள் தங்களிடமே சஃபாரி எடுக்கச் சொல்லி நச்சரிக்கும், அந்த விலை ரூமில் விட்டதையும் சேர்த்துப் பிடித்துவிடும். மணல்மேட்டில் நெட்வொர்க் வந்து வந்து போகும், ஜிபேயை நம்பாமல் 50, 100 ரூபாய்த் தாள்களாக எடுத்துப் போங்கள். டிசம்பர், ஜனவரியில் ராத்திரி வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும், கேம்ப் ரஜாய் போதாது, ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம். போவதென்றால் நவம்பரிலோ பிப்ரவரியிலோ போங்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை மட்டும் வேண்டாம், அதே டென்ட்டுக்கு இரண்டு மடங்கு கேட்டார்கள்.