பாட் காஸ்டைன் பேக்கேஜ்: 1,180 யூரோ கொடுத்து நான் ஏமாந்த கதை

கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைக்கும் மியூனிக் நண்பர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நீளமான பதிவுதான். எழுதி முடித்தால்தான் எனக்கும் வயிற்றெரிச்சல் அடங்கும்.

என் அப்பாவுக்கு 71 வயது. தென்காசிக்காரர். முட்டி வலி பத்து வருடமாக உண்டு. என்ன வலி வந்தாலும் சீசனில் ஐந்தருவியில் பத்து நிமிடம் தலையைக் கொடுத்தால் போய்விடும் என்று நம்புகிற ஆள். இந்த ஏப்ரலில் இங்கே வந்திருந்தார்கள். அப்போது எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. "ஆல்ப்ஸ் மலையின் குற்றாலம்! ஆஸ்திரியாவின் பாட் காஸ்டைனில் மூன்று இரவு மூலிகை அருவி, தெர்மல் குளியல், வலி போக்கும் சுரங்கம்." போட்டவர் நம்மவர். ஆள் பெயரையோ அவர் தொழிலின் பெயரையோ இங்கே போடவில்லை. போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும்.

மூலிகை அருவி என்ற சொல்லிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆல்ப்ஸில் ஏது மூலிகை அருவி? ஆனால் அப்பா "குற்றாலம்" என்ற ஒரே சொல்லில் விழுந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்து நான் விழுந்தேன்.

ஊர் மேல் எந்தக் குறையும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சால்ஸ்பர்க் மாநிலத்தில், சால்ஸ்பர்க்கிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் தெற்கே, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில் செங்குத்தான மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். ஊருக்கு நடுவே அருவி விழுகிறது; மூன்று கட்டமாக மொத்தம் 341 மீட்டர். இந்தப் பக்கம் ஒரு பெரிய ஓட்டல், அந்தப் பக்கம் ஒரு பெரிய ஓட்டல், இடையில் வெள்ளையாகத் தண்ணீர். பாறைக்கு அடியிலிருந்து தினமும் சுமார் 50 லட்சம் லிட்டர் வெந்நீர் ஊற்றெடுக்கிறது, சூடு 46 டிகிரியைத் தொடும். ஜெர்மன் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் வருடா வருடம் குளிக்க வந்த ஊர். இன்றும் ஒரு நடைபாதைக்கு அவர் பெயர்தான். இசையமைப்பாளர் ஷூபர்ட் 1825-ல் வந்து தங்கி ஒரு பியானோ சொனாட்டா எழுதினார். 1865-ல் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் இங்கே வந்து ஆஸ்திரியாவோடு ஒப்பந்தம் போட்டார். இவ்வளவு பெயரும் புகழும் உள்ள ஊர் என்பதால்தான், அந்தப் பெயரை வைத்து நமக்கு எதை வேண்டுமானாலும் விற்க முடிகிறது.

கணக்கு இதுதான். நான்கு பேருக்கு மூன்று இரவு தங்க 620. அப்பா அம்மாவுக்கு மட்டும் சுரங்கம், தலைக்கு 90 வீதம் 180. தெர்மல் குளியல் நான்கு பேருக்கு 180. "காஸ்டைன் கார்டு" தலைக்கு 25 வீதம் 100. வழிகாட்டியோடு பழைய ஊரைச் சுற்றிப் பார்க்க 100. ஆகமொத்தம் 1,180 யூரோ. கேபிள் காரும் மலை உச்சியில் இருக்கும் 140 மீட்டர் தொங்கு பாலமும் "எங்க கிஃப்ட் ப்ரோ, ஃப்ரீ" என்றார். பணத்தைப் பேபாலில் "நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும்" என்ற வழியில் அனுப்பச் சொன்னார். "கமிஷன் மிச்சம் ப்ரோ, நமக்குள்ள என்ன." அனுப்பினேன். அந்த வழியில் அனுப்பினால் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது என்பது எனக்குத் தெரியும். பத்து வருடமாக இந்த நாட்டில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவனுக்கு இது தெரியாதா? தெரிந்தும் அனுப்பினேன், ஏனென்றால் அவர் என் அம்மாவிடம் போனில் "அம்மா, முட்டிக்கு நல்லெண்ணெய் தடவிக்கிட்டே வாங்க" என்று பேசியிருந்தார்.

மே முதல் வாரம் போனோம். வீடு ஸ்டேஷனிலிருந்து இருநூறு மீட்டர் என்று சொல்லியிருந்தார். மேப்பில் பார்த்தால் பொய்யில்லை. ஆனால் அந்த ஊரில் மேப் உதவாது. ஸ்டேஷன் ஊரின் மேல்மட்டத்தில் இருக்கிறது, வீடு கீழே. இடையில் படிக்கட்டு, வளைவு, மறுபடி படிக்கட்டு. முட்டி வலிக்காகக் கூட்டிப்போன மனிதர் பெட்டியோடு படிப்படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். மேல் தெருவையும் கீழ்ச் சதுக்கத்தையும் இணைக்க அங்கே கார் பார்க்கிங் கட்டிடத்தில் லிஃப்ட் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போகலாம். அதை எங்களுக்குச் சொன்னது ஒரு ரொட்டிக்கடைப் பெண், மூன்றாவது நாள்.

வீடு என்பது பழைய ஓட்டல் ஒன்றைக் கூறுபோட்டு ஃபிளாட் ஆக்கியது. "குழாயைத் திறந்தாலே தெர்மல் வாட்டர்" என்று விளம்பரத்தில் இருந்தது. ஊரில் சில ஓட்டல்களுக்கு ஊற்று நீர் குழாயில் வருவது உண்மை என்பதால் நானும் நம்பினேன். அப்பா ஆசையாகக் குழாயைத் திறந்து, கையைக் காட்டி, "சூடா வருதுலே" என்றார். இரண்டு கால்களையும் டப்பில் தொங்கப்போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பிறகு அம்மா, அம்மாவுக்குப் பிறகு என் மனைவி. நான் போனபோது தண்ணீர் பச்சைத் தண்ணியாக வந்தது. தெர்மல் ஊற்று எப்படி ஆறும் என்று சமையலறை அலமாரியைத் திறந்தேன். உள்ளே வெள்ளையாக ஒரு பாய்லர் தொங்கியது. பக்கத்தில் 80 லிட்டர் என்று எழுதிய லேபிள், அதற்குக் கீழே சின்ன சிவப்பு விளக்கு. அப்பா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏலே, இது நம்ம வீட்டுக் கீசர்லா?" என்றார்.

மறுநாள் காலை அந்தக் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர் பதிவுப் படிவத்தோடு வந்தார். ஆஸ்திரியாவில் எங்கே தங்கினாலும் இந்தப் படிவம் நிரப்ப வேண்டும். ஊருக்கான தங்கும் வரி இரவுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். வரி எங்கள் 620-ல் சேரவில்லை, தனியாகக் கட்டினோம். படிவத்தை வாங்கிக்கொண்டு அவர் நான்கு காஸ்டைன் கார்டுகளைக் கையில் கொடுத்தார். இதற்கு முன்பே பணம் கட்டிவிட்டோம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. "பணமா? இது விருந்தினர்களுக்கு இலவசம்" என்றார். பள்ளத்தாக்கில் தங்குகிற எல்லோருக்கும் தங்குமிடமே கொடுக்கும் அட்டை அது. அதற்குத்தான் நான் 100 யூரோ அழுதிருந்தேன்.

இனி சுரங்கம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வயதானவர்களைக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்கு இதுதான் முக்கியம்.

பாட் காஸ்டைனை ஒட்டிய பொக்ஸ்டைனுக்கு மேலே ராட்ஹவுஸ்பெர்க் மலை. 1940-களில் தங்கம் தேடி அதைக் குடைந்தார்கள். தங்கம் பெரிதாகக் கிடைக்கவில்லை. ஆனால் உள்ளே சூடும் ஈரமுமாக இருந்த இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மூட்டு வலி குறைந்ததாகப் பேச்சு கிளம்பி, ஆராய்ச்சி நடந்து, 1952 முதல் அது சிகிச்சைச் சுரங்கம். சின்ன ரயிலில் ஏற்றி மலைக்குள் இரண்டு கிலோமீட்டர் கூட்டிப்போகிறார்கள். உள்ளே 37 முதல் 41.5 டிகிரி வரை சூடு, உடம்பை ஒட்டும் ஈரம். கட்டிலில் படுத்திருக்க வேண்டும். அந்தக் காற்றில் ரேடான் இருக்கிறது. அதுதான் மருந்து என்கிறார்கள்.

நம்மவர் இதை "மலையின் இயற்கை வாயு" என்று எழுதியிருந்தார். ரேடான் கதிரியக்க வாயு. வீடுகளில் தேங்கும் ரேடானை, புகைபிடித்தலுக்கு அடுத்தபடி நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அங்கே கொடுப்பது குறைந்த அளவு, மருத்துவர் மேற்பார்வையில், மூட்டு நோயாளிகள் பலருக்கு வலி குறைகிறது என்பதும் உண்மை. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து முடிவெடுக்கிற உரிமை நோயாளிக்கு உண்டா இல்லையா? "கதிரியக்கம்" என்ற சொல்லை மறைத்து விற்பதற்கு என்ன பெயர்?

அதோடு, மருத்துவர் பரிசோதிக்காமல் உள்ளே விடமாட்டார்கள். அதையும் அவர் சொல்லவில்லை. ஊரில் விசாரித்து நாங்களே மருத்துவரைப் பார்த்தோம், அதற்குத் தனிக் கட்டணம். அவர் மிகப் பொறுமையான மனிதர். அப்பாவுக்குப் போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததைக் கேட்டார், மாத்திரைப் பட்டையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார், இரண்டு முறை பிரஷர் எடுத்தார். பிறகு, இந்த நிலைமையில் அந்தச் சூட்டுக்குள் வேண்டாம் என்றார். தகுதி உள்ளவர்களுக்கே ஒருமுறை போய் வந்தால் போதாது, இரண்டு மூன்று வாரத்தில் ஒன்பது பத்து தடவையாவது போனால்தான் சிகிச்சை என்றும் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "ஏய்யா, கூடங்குளத்துல இருக்குற சமாச்சாரமா அது?" அப்படியே இல்லை என்று விளக்கப் பார்த்தேன். "எனக்கும் வேண்டாம்" என்று எழுந்துவிட்டார்.

விளம்பரம் போட்ட முகவருக்குப் போன் செய்தேன். ஸ்டென்ட் இருப்பதைப் பணம் கட்டும்போதே சொல்லியிருந்தேன், மெசேஜ் இருக்கிறது. அவர் பதில்: "அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னா நான் என்ன ப்ரோ பண்ண முடியும்?" முன்பதிவு எண்ணைக் கேட்டேன். இன்றுவரை வரவில்லை.

தெர்மல் குளியல் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே, பாறையைக் குடைந்து கட்டியது. லிஸ்ட்டில் உங்கள் பெயர் இருக்கும் என்றிருந்தார். கவுண்டர் பெண் இரண்டு தடவை தேடிப் பார்த்தார், அப்படி ஒரு லிஸ்ட்டே கிடையாது. மறுபடி பணம் கட்டி உள்ளே போனோம். 180-ஐவிட நிறையக் குறைவாகவே ஆனது. அப்பாவுக்கு அந்த வெந்நீர் உண்மையாகவே இதமாக இருந்தது, அது ஒன்றுதான் ஆறுதல். இன்னொன்று: முகவர் "சானாவும் சேர்த்து" என்று பெருமையாக விற்றிருந்தார். ஆஸ்திரியாவில் சானாவுக்குள் உடை இல்லாமல்தான் போக வேண்டும், ஆணும் பெண்ணும் சேர்ந்தே. கண்ணாடிக் கதவு வரை போன அம்மா திரும்பி வந்த வேகத்தைப் பார்த்தால் முட்டி வலி யாருக்கு என்றே சந்தேகம் வரும்.

கேபிள் கார் நின்றிருந்தது. மே முதல் வாரம் அங்கே பனிச்சறுக்கு சீசன் முடிந்து கோடை சீசன் தொடங்காத இடைக்காலம். கேபிள் கார் ஓடாது, பாதி உணவகங்கள் பூட்டியிருக்கும். இலவசம் என்று அவர் சொன்ன ஒரே பொருள் மூடியிருந்தது. நிஜமாகவே இலவசமாக இருந்ததற்கெல்லாம் காசு வாங்கியிருந்தார். அருவிக்கு மேலே ஊர் நடுவே பாலம் இருக்கிறது. அங்கே நின்றால் சாரல் முகத்தில் அடிக்கும். அதற்கு டிக்கெட் கிடையாது, வழிகாட்டியும் தேவையில்லை.

வழிகாட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. 100 யூரோ வழிகாட்டி ஒரு வாய்ஸ் நோட்டாக வந்தார். நான்கு நிமிடம். முகவரின் குரலேதான், பின்னால் குக்கர் விசில். பிஸ்மார்க் இங்கே ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் ஒப்பந்தம் போட்டார் என்றார். 1865-ல் ஜெர்மனி என்ற நாடே இல்லை, அது பிரஷ்யா. நூறு யூரோ கொடுத்தவனுக்கு இதைக்கூடக் கேட்க உரிமையில்லையா?

மியூனிக் திரும்பியதும் விசாரித்ததில் தெரிந்தது. ஜெர்மனியில் தங்குமிடம், சுற்றிக்காட்டுவது, சிகிச்சை என்று பலவற்றைச் சேர்த்து பேக்கேஜாக விற்பவர், திவாலானாலும் உங்கள் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதற்கான காப்பீட்டுச் சான்றிதழைக் கொடுக்காமல் முன்பணம் கேட்கவே கூடாது. அதற்கு இங்கே "ஸிஷெருங்ஸ்ஷைன்" என்று பெயர். அதைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். நான் கேட்டபோது அவர் "நம்ம ஆளுங்களே இப்படி சட்டம் பேசினா எப்படி ப்ரோ" என்றார். பேபாலில் புகார் எடுபடவில்லை, காரணம் மேலே சொன்னேன். குழுவில் எழுதப்போகிறேன் என்றதும் கார்டுக்கு வாங்கிய 100 மட்டும் திரும்பி வந்தது. மீதி வரவில்லை.

போன வாரம் வேறொரு குழுவில் அதே விளம்பரத்தைப் பார்த்தேன், தலைப்பு மட்டும் "ஆல்ப்ஸ் கொடைக்கானல்" என்று மாறியிருக்கிறது. படம் அதேதான். அருவிக்குப் பக்கத்துச் சதுக்கம், பெரிய பழைய கட்டிடங்கள். அந்தக் கட்டிடங்கள் பல வருடம் ஆளில்லாமல் பாழடைந்து கிடந்தன; 2017-ல் மாநில அரசு வாங்கி, பிறகு ஒரு மியூனிக் நிறுவனத்துக்கு விற்று, 2023-ல்தான் புதுப்பித்துத் திறந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். காரை பெயர்ந்த சுவரும் பலகை அடித்த ஜன்னல்களும் தெரிந்தால் அது அந்த ஆள்தான்.