மினிவேனில் 15 வாட்: மிட்லாண்ட் எம்.எக்ஸ்.டி. 275

இரண்டு மூன்று குடும்பங்கள் தனித்தனிக் கார்களில் சேர்ந்து ஊர் சுற்றுகிறவர்கள் காருக்குக் கார் பேசிக்கொள்ளும் இந்த ரேடியோவைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் வாங்கிய அன்றே பிளக்கைச் செருகி, வீட்டு வாசலில் நின்று "ஹலோ ஹலோ" சொல்லிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ நட்சத்திரம் போட்டுவிடாதீர்கள். இதில் ரேடியோ பாதிக்கும் குறைவு. மீதியெல்லாம் ஆன்டெனாவும் ஒயரும்தான்.

நாங்கள் இருப்பது டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில். கொலராடோவுக்குக் காரில் போவது எங்கள் கூட்டத்தின் வழக்கம். விச்சிட்டா ஃபால்ஸ், அமரில்லோ என்று யூ.எஸ். 287 பிடித்துப் போவோம். அந்தச் சாலையில் செல்போன் வரும், போகும். மலைக்குள் நுழைந்துவிட்டால் போவதோடு சரி. வாட்ஸ்அப் குழு அழைப்பை நம்பி, எந்தப் பெட்ரோல் பங்கில் யார் நிற்கிறார்கள் என்று தேடிச் சலித்த பிறகுதான், உரிமம் எடுத்துப் பேசும் ஜி.எம்.ஆர்.எஸ். என்ற ரேடியோச் சேவை பக்கம் வந்தோம். எங்களுடையது ஹோண்டா ஒடிசி, கொழுந்தனாருடையது ஃபோர்டு எஃப்-150, மூன்றாவது ஒரு நண்பர் குடும்பத்தின் டெஸ்லா மாடல் ஒய். மூன்றிலும் இதே ரேடியோதான். மூன்றிலும் பொருத்துகிற விதம் மட்டும் வேறு வேறு.

முதலில் உரிமம். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் தளத்தில் பதிவு செய்து, விண்ணப்பம் போட்டு, 35 டாலர் கட்டினால் 10 வருடத்துக்கு உரிமம் கிடைக்கிறது. 2022 ஏப்ரல் வரை இது 70 டாலர். பரீட்சை கிடையாது, 18 வயது ஆகியிருந்தால் போதும். குடியுரிமை கேட்பதில்லை, வெளிநாட்டு அரசின் பிரதிநிதியாக மட்டும் இருக்கக் கூடாது. எச்-1பி-யில் இருப்பவர்கள் இதைக் கேட்டு நிம்மதியாகலாம். எனக்குப் பிடித்தது அவர்கள் குடும்பம் என்று எதைச் சொல்கிறார்கள் என்பதுதான். கணவன், மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அப்பா அம்மா, தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர், மாமா, அத்தை, அவர்களோடு திருமண வழிச் சொந்தங்கள் எல்லாரும் ஒரே உரிமத்தில் அடக்கம். அமெரிக்கச் சட்டம் கூட்டுக் குடும்பத்தை இவ்வளவு தாராளமாக ஏற்றுக்கொண்டு நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் பெயரில் எடுத்த உரிமத்தில் கொழுந்தனாரும் மாமனாரும் பேசலாம். டெஸ்லா நண்பர்கள் பேச முடியாது, அவர்கள் தனியாக 35 டாலர் கட்ட வேண்டும்.

பேச்சு தமிழில் இருக்கலாம். உரிமத்தோடு தரும் அழைப்புக் குறியை மட்டும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்: பேசி முடிக்கும்போது ஒரு தடவை, பேச்சு நீண்டால் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை. "அண்ணி, அடுத்த எக்ஸிட்ல காபி" என்று ஆரம்பித்து எழுத்தும் எண்ணுமாக ஒப்பித்து முடிப்பதில் என் கொழுந்தனாருக்குத் தனி உற்சாகம்.

இனி பொருள். இதன் பெரிய வசதி, எல்லாப் பொத்தான்களும் திரையும் மைக்கிலேயே இருப்பது. ரேடியோப் பெட்டியை சீட்டுக்கு அடியிலோ டாஷ்போர்டுக்குப் பின்னாலோ ஒளித்துவிட்டு மைக்கை மட்டும் வெளியே தொங்கவிடலாம். மினிவேனில் தண்ணீர் பாட்டிலுக்கும் டிஷ்யூ டப்பாவுக்கும் நடுவில் இதைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. மைக்கைக் கையில் எடுத்தால் கட்டை விரலே எல்லா வேலையும் செய்துவிடும், சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியதில்லை. என்ஓஏஏ வானிலை ஒலிபரப்பும் வருகிறது. டெக்சஸ் பான்ஹேண்டில் பகுதியில் ஆலங்கட்டி மழை எச்சரிக்கையை போன் சிக்னல் இல்லாத இடத்தில் கேட்க முடிவது சின்ன விஷயம் இல்லை.

சேனல் எண்கள் 1 முதல் 22 வரை, ஆனால் 8 முதல் 14 வரை இதில் இருக்காது. குறை என்று நினைக்க வேண்டாம். அந்தச் சேனல்கள் அரை வாட் கைக்கருவிகளுக்கு மட்டுமே உரியவை. 1 முதல் 7 வரை 5 வாட் உச்சவரம்பு, 15 முதல் 22 வரை 50 வாட். ஆகவே 15 வாட் முழுவதும் வேண்டுமென்றால் 15 முதல் 22 வரை ஒரு சேனலைப் பிடியுங்கள். கடையில் ஜோடியாக விற்கும் எஃப்.ஆர்.எஸ். வாக்கி டாக்கிகளும் இதே சேனல்களில்தான் பேசுகின்றன. பிள்ளைகள் கையில் அதைக் கொடுத்தால் காருக்கும் கேட்கும். அந்த அட்டைப் பெட்டிமேல் 30 மைல் தாண்டிப் போகும் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

மின் இணைப்பு. கூட வருவது சிகரெட் லைட்டர் பிளக். வாடகைக் காருக்கு அது சரி. சொந்த வண்டியில் நிரந்தரமாக வைப்பதென்றால் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்துவிடுங்கள். பாசிட்டிவ் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைப்பது கட்டாயம். எந்த இடத்தில் உரசினாலும் அந்த இடத்துக்கு முன்னால் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. எஞ்சினுக்கும் காரின் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தடுப்பில் ஏற்கெனவே இருக்கும் ரப்பர் குரோமெட்டைத் தேடி அதன் வழியாக உள்ளே கொண்டுவந்தால் புதிதாக ஓட்டை போட வேண்டாம். நேரடி இணைப்பில் சாவியை எடுத்தாலும் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும், அணைக்கும் பழக்கம் வேண்டும்.

லைட்டர் பிளக் தகராறு செய்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். கேட்கும்போது ஒரு குறையும் இல்லாமல், பேசும் பொத்தானை அழுத்திய நொடியில் திரை மங்கினாலோ ரேடியோ அணைந்து மறுபடி உயிர் பெற்றாலோ குற்றவாளி ரேடியோ அல்ல. கேட்பதற்குச் சொற்ப மின்சாரம் போதும், அனுப்புவதற்குப் பல மடங்கு வேண்டும். தளர்ந்த பிளக்கால் அதைக் கொடுக்க முடியவில்லை. உங்கள் பேச்சோடு ஒரு சீட்டிச் சத்தம் போய், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதி ஏறினால் அது ஆல்டர்னேட்டர். அதற்கும் மருந்து பெரும்பாலும் பேட்டரிக்கு நேர் இணைப்புதான்.

ஆன்டெனாவுக்கு வருகிறேன். 462 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 65 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு 16 சென்டிமீட்டர், அதாவது ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. பெட்டியில் வரும் காந்த ஆன்டெனா அவ்வளவு குட்டியாக இருப்பதற்கு அதுதான் காரணம், சிக்கனம் அல்ல. ஆனால் கால் அலை ஆன்டெனாவுக்கு அடியில் உலோகத் தளம் விரிந்திருக்க வேண்டும். கூரை நடுவில் வைத்தால் அது பாடும். கண்ணாடி விளிம்பிலோ, கூரைமேல் கட்டிய சாமான் பெட்டிக்கு ஒட்டியோ வைத்தால் ஒரு பக்கம் கேட்கும், மறுபக்கம் கேட்காது.

ஒடிசிக்கு இரும்புக் கூரை, காந்தம் வைத்த இடத்தில் உட்கார்ந்தது, வேலை முடிந்தது. எஃப்-150-இன் உடல் 2015 முதல் அலுமினியம், காந்தம் ஒட்டாது. அலுமினியமும் மின்கடத்திதான் என்பதால் உலோகத் தளமாக வேலை செய்வதில் குறை ஒன்றுமில்லை. பிடித்துக்கொள்ளத்தான் பிராக்கெட் வேண்டும். பானெட் ஓரத்தில் பொருத்தினோம். மாடல் ஒய்க்குக் கூரை முழுக்கக் கண்ணாடி. அங்கே பின்கதவு விளிம்பில் இறுக்கும் பிராக்கெட்டும், உலோகத் தளம் தேவைப்படாத அரை அலை ஆன்டெனாவும் வாங்க வேண்டியிருந்தது. செலவுதான், ஆனால் அதைச் செய்யாமல் ரேடியோவைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

எங்கள் பயணத்தில் நடந்த கோளாறுகளில் ஒன்றை விவரமாகச் சொல்கிறேன், பலருக்கும் நடக்கக்கூடியது. எஃப்-150-ஐ ஒரு கார் ஆடியோ கடையில் கொடுத்து ஒயர் போட்டிருந்தார்கள். வீட்டு வாசலில் சோதித்தபோது மணி மாதிரிக் கேட்டது. 287-இல் வண்டி அரை மைல் விலகியதும் கொழுந்தனார் குரல் கரகரத்து மறைந்தது. இரண்டு கார்கள் அடுத்தடுத்து நிற்கும்போது ஆன்டெனா பாதி செத்திருந்தாலும் கேட்கும்; அந்தச் சோதனைக்கு மதிப்பே இல்லை. குறைந்தது ஒரு மைல் தள்ளிப் போய்ச் சோதிக்க வேண்டும்.

சைல்ட்ரெஸில் நிறுத்தி மல்டிமீட்டரை எடுத்தோம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஆன்டெனாவோடு சேர்த்து அளந்தால், கேபிளின் நடுக்கம்பிக்கும் அதைச் சுற்றிய வெளிப்பின்னலுக்கும் இடையே ஷார்ட் என்று காட்டலாம். நிறைய ஆன்டெனாக்களின் அமைப்பே அப்படித்தான், பயப்பட வேண்டாம். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கேபிளை மட்டும் அளக்க வேண்டும். நடுக்கம்பி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் தொடர்பு காட்ட வேண்டும், பின்னலும் அப்படியே, இரண்டுக்கும் நடுவில் தொடர்பு கூடவே கூடாது. எங்களுக்குப் பின்னல் விட்டுவிட்டுக் காட்டியது. கடைக்காரர் கேபிளைக் கதவுக் கீல் பக்கமாக விட்டிருக்கிறார். கதவை மூடும் ஒவ்வொரு தடவையும் அது நசுங்கி, உள்ளே பின்னல் அறுந்துவிட்டது. மேல் உறையில் ஒரு சுருக்கம் மட்டும்தான் தெரிந்தது. அன்றைக்குக் கைக்கருவியை வைத்துச் சமாளித்து, அப்புறம் கேபிளை மாற்றினோம்.

மாற்றும்போது மீதிக் கேபிளைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் திணிக்காமல் தேவையான நீளத்துக்கே வாங்கினோம். இந்த அலைவரிசையில் ஆர்ஜி-58 கேபிள் 20 அடி ஓடினாலே சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே சூடாகப் போய்விடும். இன்னொன்று, சி.பி. ரேடியோவுக்கு வாங்கிய பழைய எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று அளப்பது) வீட்டில் கிடக்கிறதே என்று இதற்குப் போடாதீர்கள். அது 27 மெகாஹெர்ட்ஸுக்கானது, 462-இல் அது காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை. இந்தப் பட்டைக்கென்று வரும் மீட்டரில் 1.5-க்குள் இருந்தால் உத்தமம், 2-ஐத் தாண்டினால் எங்கோ தகராறு.

அதிகம் குழப்புவது ஒருவழிக் காது. அவர் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அவருக்குக் கேட்காது. அப்படியானால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன் மைக் திரையைப் பாருங்கள். ஒருவர் தெரியாமல் ரிப்பீட்டர், அதாவது வாங்கிய பேச்சைத் திருப்பி ஒலிபரப்பும் நிலையத்துக்கான சேனலுக்குப் போயிருக்கலாம். அதில் 462-இல் கேட்கும், ஆனால் 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி 467-இல்தான் அனுப்பும். மற்ற கார்களுக்கு அது கேட்காது. அடுத்தது பிரைவசி கோடு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இதில் ரகசியம் ஒன்றுமில்லை. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மற்றவர்கள் பேச்சு நம் காதில் விழாமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. ஒரு கம்பெனியின் 12-ஆம் எண் இன்னொன்றின் 12-ஆம் எண்ணாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எண்ணைவிட, அந்தக் கோடுக்கு உரிய ஹெர்ட்ஸ் கணக்கைப் பொருத்திப் பாருங்கள். எதுவும் புரியவில்லையா, எல்லாக் கார்களிலும் பிரைவசி கோடு எண்ணை 0-இல் வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

பிரைவசி கோடு போட்டு வைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இரைச்சலையும் அது மறைத்துவிடுகிறது. டெஸ்லாவில் அமைதியோ அமைதி. ஆனால் நாங்கள் தூரத்திலிருந்து கூப்பிட்டால் பதிலில்லை. அந்தக் கோடு எண்ணை 0-க்கு மாற்றி, இரைச்சலை அடக்கும் ஸ்கெல்ச்சைக் குறைத்ததும் ஒரே கொரகொரப்பு. காரில் செருகியிருந்ததை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். மலிவு விலை டாஷ்கேம் ஒன்றைப் பிடுங்கியதும் காது திறந்தது. இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் ஒன்றை அதன் ஒயரில் மாட்டி, ஆன்டெனா கேபிளிலிருந்து தள்ளி வைத்ததில் சமாளிக்கும் அளவுக்கு வந்தது.

குரல் மெலிதாகவோ, பிசிறடித்தோ வந்தால் ரேடியோ அமைப்பில் அகலப் பட்டை, குறுகிய பட்டை (பேச்சு அலைவரிசையில் எவ்வளவு அகலம் எடுக்கிறது என்பது) வித்தியாசமாக இருக்கும். ஒரு ரேடியோ ஒன்றிலும் மற்றது இன்னொன்றிலும் இருந்தால் அப்படித்தான் கேட்கும். வெவ்வேறு தயாரிப்புகளைக் கலந்து வைத்திருப்பவர்கள் இதை முதலில் பார்ப்பது நல்லது.

தூரம் எவ்வளவு என்று எல்லாரும் கேட்கிறார்கள். பான்ஹேண்டில் சமவெளியில் பல மைல் எட்டும், அங்கே ரேடியோ வாங்கிய காசு திரும்பி வந்துவிட்டது. ஊரேயிலிருந்து சில்வர்டனுக்குப் போகும் யூ.எஸ். 550 மலைப்பாதையில் அதே ரேடியோ அடுத்த வளைவுக்கு எட்டாது. ரெட் மவுண்டன் பாஸ் 11,018 அடி. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தடுப்பே இல்லாத பள்ளம். நேர்க்கோட்டில் போகும் அலை பாறைக்குள் புகாது. அங்கே நடுக் காரில் இருப்பவர் முன் காரின் சேதியைப் பின் காருக்குத் திருப்பிச் சொல்வதுதான் வழி. மாமனார் அந்த வேலையை ஆகாசவாணி செய்தி வாசிப்பவர் தோரணையில் செய்தார். ஆன்டெனா வாங்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். 6 டெசிபெல் நெட்டை ஆன்டெனா அலையைத் தட்டையாக்கித் தொடுவானம் நோக்கித் தள்ளும், சமவெளிக்கு அருமை. ஒரு கார் மேலே, ஒரு கார் கீழே என்று போகும் மலையில் குட்டை ஆன்டெனாவே மேல்.

50 வாட் ரேடியோ வாங்கலாமா? 15-லிருந்து 50-க்கு ஏறுவது 5 டெசிபெல்தான், கேட்கிறவர் மீட்டரில் ஒரு கட்டம்கூட முழுதாக ஏறாது. அந்தப் பணத்தில் நல்ல ஆன்டெனாவும் கேபிளும் வாங்கி மிச்சத்துக்கு அமரில்லோவில் சாப்பிடலாம்.

இதை ஊருக்கு எடுத்துப்போய் ஊட்டி மலையில் பயன்படுத்தலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கூடாது. இந்தியாவில் உரிமமில்லாமல் அனுமதிப்பது 446 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், அதுவும் குறைந்த சக்திக் கைக்கருவிகளை. 462-இல் 15 வாட் அனுப்பும் இந்தப் பெட்டியை ஃப்ரிஸ்கோவிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.