காசியோ 991 ஈஎஸ் பிளஸ்: முடிவிலியைக் கேட்டா மட்டும் கையை விரிக்குது

தங்கச்சிட மகள் ஏஎல் (உயர்தர வகுப்பு) மேத்ஸ் தொடங்கிட்டாள், அதுக்காக மட்டக்களப்பு டவுண்ல ஒரு புத்தகக் கடையில எடுத்துக் குடுத்த கால்குலேட்டர் இது. பின்னம், வர்க்கமூலம் எல்லாம் கொப்பியில எழுதுற மாதிரியே திரையில வரும், 417 ஃபங்ஷன் எண்டு பெட்டியில போட்டிருக்கு, அதுல முக்கால்வாசி நமக்குத் தேவைப்படாது. சோலாரும் இருக்கு, உள்ள ஒரு எல்ஆர்44 பட்டன் பேட்டரியும் இருக்கு. அதெல்லாம் சரி, ஆனா வந்த உடனே அவள் கேட்ட கேள்வி "மாமா, இதில முடிவிலி அடிக்கிற எப்பிடி?"

அடிக்க ஏலாது. 1ஐ 0ஆல பிரிச்சா மேத் எரர், டேன் 90 அடிச்சாலும் மேத் எரர். இதுல எனக்குக் குறை இல்ல, ஏனெண்டா 1ஐ 0ஆல பிரிச்சா முடிவிலி எண்டு நிறையப் பேர் சொல்றது பிழை, 0.001ஆல பிரிச்சா 1000 வருது, மைனஸ் 0.001ஆல பிரிச்சா மைனஸ் 1000, ரெண்டு பக்கமும் ரெண்டு திசையில ஓடுறதுக்கு ஒரே விடை எப்பிடிச் சொல்ற? மெஷின் வாயை மூடிக்கொண்டது நல்லம்.

எனக்கு ஒத்துவராதது வேற. 69 ஃபேக்டோரியல், அதாவது 1ல இருந்து 69 வரைக்கும் எல்லா முழு எண்ணையும் பெருக்கிறது, அடிச்சா 1.711224524 × 10⁹⁸ எண்டு வடிவா வரும், 70 அடிச்சா திரும்பவும் அதே மேத் எரர். 70 ஃபேக்டோரியல் முடிவுள்ள ஒரு முழு எண், 101 இலக்கம், அவ்வளவுதான், இந்த மெஷின் 10¹⁰⁰ஐத் தொடாது எண்டதுதான் பிரச்சினை. விடையே இல்லாததுக்கும் இடம் பத்தாததுக்கும் ஒரே எரரைக் காட்டினா பிள்ளை ரெண்டையும் ஒண்டு எண்டுதானே நினைக்கும்.

இடம் பத்தாது எண்டாலும் அது சின்ன இடம் இல்ல கேட்டீங்களா. ஆர்க்கிமிடீஸ் அந்தக் காலத்துக் கணக்குப்படி முழுப் பிரபஞ்சத்தையும் மணலால நிரப்பினாலும் 10⁶³ மணலுக்கு மேல போகாது எண்டு போட்டுக் காட்டினவர், கல்லடிக் கடற்கரை மணல் அதுக்குள்ள எந்த மூலைக்கு! இப்ப நம்மளால பாக்கக்கூடிய பிரபஞ்சத்தில இருக்கிற அணுவெல்லாம் சேர்த்தாலே 10⁸⁰ அளவுதான் எண்டு மதிப்பிடுறாங்க, அதுவும் இந்தத் திரையில அடங்கும். எண்ணிப் பாக்கக்கூடிய சாமான் எல்லாத்துக்கும் இது தாராளமாப் போதும், 10⁸⁰ல நிண்டு பாத்தாலும் முடிவிலி 1ல இருந்து பாத்த அதே தூரத்திலதான் இருக்கும்.

மறுகா சிக்மா பட்டன், ஒரு தொடரின்ட உறுப்புகளைக் கூட்டித் தாறது. இதுலதான் கவனம் வேணும். அரை, கால், அரைக்கால் எண்டு 20 உறுப்பு கூட்டினா 0.9999990463, 40 உறுப்பு கூட்டினா 1 எண்டே காட்டும். உண்மையில 40லயும் 1 ஆகல்ல, பத்து இலக்கத்துக்கு மேல திரையில இடமில்லாம ரவுண்ட் பண்ணுது. விடை தற்செயலாச் சரி, முடிவில்லாமக் கூட்டினா எல்லை 1தான். ஆனா 1 + 1/2 + 1/3 எண்டு போற தொடரைப் போட்டுப் பாருங்க, 100 உறுப்புக்கு 5.187, 1000க்கு 7.485, பாக்கிற பிள்ளை இது எங்கயோ நிக்கப் போகுது எண்டுதான் நினைக்கும். நிக்காது. 10ஐத் தாண்டவே 12367 உறுப்பு வேணும், 100ஐத் தாண்ட 10⁴³க்கு மேல, ஆனாலும் தாண்டும். 1/3 + 1/4 அரையை விடக் கூட, அடுத்த நாலு உறுப்பும் அப்பிடியே, அடுத்த எட்டும் அப்பிடியே, அரை அரையாக் கூடிக்கொண்டே போகுதெல்லோ. 14ஆம் நூற்றாண்டில ஒரேம் எண்ட பிரெஞ்சுக்காரர் பேப்பரில முடிச்ச வேலை இது, எந்த பட்டனும் இதைச் செய்யாது.

அஞ்சுக்கு நாலு குடுப்பன், ஒண்டு குறைச்சது அந்த எரருக்கு. விலை கடைக்குக் கடை வித்தியாசம், ரெண்டு மூண்டு இடம் கேட்டிட்டு எடுங்க, கடையிலயே எல்லாப் பட்டனையும் அமத்திப் பாருங்க. சோதினை மண்டபத்துக்குள்ள கொண்டுபோக விடுவாங்களா எண்டது ஸ்கூல்ல கேக்க வேண்டிய விஷயம்.