ட்ரைபாட் மட்டும் போதுமா, ஸ்டார் டிராக்கரும் வேண்டுமா?

இரவு வானத்தைப் படமெடுக்க ஆசைப்படும் பலரும் தடுமாறும் இடம் இது. ஸ்டார் டிராக்கர் என்பது ட்ரைபாட் மேல் பொருத்தி, கேமராவை வானத்தோடு சேர்த்து மெல்லத் திருப்பும் கருவி.

செலவு: ட்ரைபாட் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். டிராக்கருக்குப் பல மடங்கு ஆகும்.

எக்ஸ்போஷர் (ஷட்டரைத் திறந்து வைக்கும் நேரம்): பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் போட்டால், ட்ரைபாடில் சுமார் 20 நொடிதான் கணக்கு. அதைத் தாண்டினால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். 200 மி.மீ. என்றால் இரண்டரை நொடி! டிராக்கர் வானத்தோடு சேர்ந்து திரும்புவதால் நிமிடக்கணக்கில் திறந்து வைக்கலாம். ஆனால் தரையில் இருக்கும் மரமும் மலையும் மங்கிவிடும்.

சிரமம்: ட்ரைபாடை விரித்தால் வேலை முடிந்தது. டிராக்கரின் அச்சை வானத்தின் வடதுருவத்துக்கு நேராக வைக்க வேண்டும். அதற்குத் துருவ நட்சத்திரம்தான் வழிகாட்டி. நம் ஊரில் இதுதான் பெரிய தலைவலி. கொடைக்கானலில் அது அடிவானத்துக்கு மேலே சுமார் 10 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வடக்கே ஒரு மரம் இருந்தாலே மறைந்துவிடும்.

மலைக்கு மேல் எழும் பால்வீதிதான் வேண்டுமென்றால் ட்ரைபாட் தாராளம். மார்ச், ஏப்ரல் விடியற்காலை அதற்கு அருமையான நேரம். ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம், ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் ஆகியவற்றின் மேல்தான் ஆசை என்றால் டிராக்கர். முதல்முறை வாங்குபவர்களுக்கு ட்ரைபாடையே சொல்வேன். மிச்சப் பணத்தில், நல்ல இருட்டுள்ள இடத்துக்குப் போய் வாருங்கள்.